லோமியில் இல்லாத சொல்

ரோஹன் எதையும் முடித்ததாக வரலாறு கிடையாது. கிடார் வாங்கினான், அது இப்போது அவன் வீட்டு வரவேற்பறையில் பூ ஜாடிக்குத் துணையாகச் சாய்ந்து நிற்கிறது. இயற்கை விவசாயம் என்று கோபிசெட்டிபாளையத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்தான். ஒரு போகம் முடிவதற்குள் கொசு கடிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டான். மாரத்தான் ஓடுவதற்காக வாங்கிய ஷூவை இன்றைக்கு அவன் வீட்டு வாட்ச்மேன் போட்டுக்கொண்டு நிற்கிறார். அவன் அப்பா வரதராஜுலு கருமத்தம்பட்டிப் பக்கம் கட்டிய மில்லை அவர் போனதும் மூடி, ஷெட்டுகளையெல்லாம் குடோனுக்கு விட்டாயிற்று. மாதம் பிறந்தால் வாடகை தானாக வந்து விழுகிற மனிதனுக்கு வேறு என்ன வேலை? ஒரு மொழியைக் கண்டுபிடித்தான்.

அதற்கு லோமி என்று பெயர் வைத்தான். ஏன் லோமி என்று கேட்டால், நாக்குக்குச் சுகமாக இருக்கிறதாம்.

பள்ளிக்கூடத்திலிருந்தே சேர்ந்து திரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்: ரோஹன், சஹீர், நான். என் பெயர் மௌனிகா, பல் டாக்டர். ஆர்.எஸ்.புரத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க வாயைத் திறந்துகொண்டு பேச முடியாமல் படுத்திருப்பவர்களோடு இருந்து பழகியதால், வாயை மூடாமல் பேசுகிறவர்களை என்னால் சகிக்க முடிவதில்லை. சஹீருக்கு ஒப்பணக்கார வீதியில் கண்ணாடிக் கடை. என்னை அவன் 'பல்லு' என்றுதான் கூப்பிடுவான். நான் டாக்டரானதும் மாற்றிக்கொள்வான் என்று நினைத்தேன், மாற்றவில்லை. நான்காவது ஆள் ரோஹனின் மனைவி லாஸ்யா. அவளுக்குச் சொந்தமாக ஒரு கருத்து வந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஹன் வீட்டு மொட்டை மாடியில் டிபன். இது பல வருஷப் பழக்கம். அங்கேதான் லோமி பிறந்தது. இணையத்தில் யாரோ நூற்றுச் சொச்சம் சொற்களை வைத்து ஒரு மொழி செய்திருந்ததைப் பார்த்துவிட்டு, "நாமளும் செஞ்சுபோடலாம்" என்றான். நாங்களும் சரி என்றோம். பணியாரமும் தேங்காய்ச் சட்னியும் முன்னால் இருக்கும்போது எதற்கும் சரி என்று சொல்லிவிடத் தோன்றும்.

கீபா என்றால் வீடு. பிமி என்றால் குடிப்பது. லாலு என்றால் சந்தோஷம். இப்படி வாரத்துக்கு ஐந்தாறு சொல் சேர்ப்போம். புதுச் சொல் வேண்டுமென்றால் நான்கு பேரும் ஓட்டுப் போட வேண்டும். அதுவரை குழந்தை விளையாட்டு, குற்றம் சொல்ல மாட்டேன். அப்புறம்தான் ரோஹனுக்குத் தத்துவம் பிடித்தது.

"லோமியில சாதிக்கு வார்த்தை கெடையாது. மதத்துக்குக் கெடையாது. பணக்காரன், ஏழை, எதுக்கும் கெடையாது. 'ங்க' கெடையாது" என்றான், கையில் காபி டம்ளரோடு. "மரியாதைங்கறதே ஒரு சுவர்டா. நம்ம ஊருல நாய்க்குக்கூட ங்க போடறோம்."

நாய்க்கு நாங்கள் ங்க போடுவதில்லை. மற்றபடி எல்லோருக்கும் போடுவோம். ஆட்டோக்காரருக்கு, தபால்காரருக்கு, கடன் கேட்டு வந்தவருக்கு, நாங்கள் திட்டுகிற ஆளுக்குக்கூட. ங்க இல்லாமல் வாடா, போடி என்று பேசுகிறோம் என்றால் அவர்கள் நெருங்கினவர்கள் என்று அர்த்தம். பழகினவர் ஒருவர் திடீரென்று ங்க போட்டால் கதவைச் சாத்துகிறார் என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ரோஹனைத் தவிர.

அடுத்த ஞாயிறு இன்னும் ஒரு படி மேலே போனான். "'இல்லை'ங்கற வார்த்தையும் வேண்டாம். எல்லாச் சண்டையும் அதுலதான் ஆரம்பிக்குது. அதுக்குப் பதிலா தூமா. தூமான்னா அப்புறம்."

சஹீர் சிரித்துவிட்டான். "அடே, நான் கடைக்காரன்டா. நீலக் கலர் பிரேம் இருக்குதான்னு ஒருத்தர் கேட்டா நான் என்னடா சொல்றது?"

"தூமான்னு சொல்லு."

"வராத சரக்குக்கு அப்புறம்னு சொன்னா அவரு தெனமும் வந்து நிப்பாருடா. பாவமில்லையா? இல்லைன்னு சொல்லிட்டா அடுத்த கடையிலயாவது வாங்கிக்குவாரு."

எனக்கு அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. ஓட்டெடுப்பில் 'இல்லை' வேண்டும் என்று சஹீரும் நானும், வேண்டாம் என்று ரோஹனும் லாஸ்யாவும். இரண்டுக்கு இரண்டு. உடனே ரோஹன், மொழியை ஆரம்பித்தவனுக்கு இரண்டு ஓட்டு என்று ஒரு சட்டம் போட்டான். சுவரெல்லாம் இடித்த சமத்துவ மொழி!

இதிலே புதுமை என்ன என்பதும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வதில்லை. பெண் கேட்டு வந்தாலும் சரி, சிபாரிசு கேட்டு வந்தாலும் சரி, "பாக்கலாமுங்க" என்பார்கள். கேட்டவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். ரோஹன் இதற்கு ஒரு பொம்மைச் சட்டை மாட்டிவிட்டுத் தூமா என்று பெயர் வைத்திருந்தான், அவ்வளவுதான்.

இருந்தாலும் லோமியை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது சஹீர் ஒருவன்தான். ரோஹனுக்கே பாதி மறந்து போகும், கைப்பேசியைப் பார்த்துத்தான் பேசுவான். சஹீர் அதைத் தன் அத்தாவுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான். அவன் அப்பா அப்துல் கையூம் பழைய தையல்காரர். எங்கள் மூன்று பேருக்கும் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதால் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். மெஷினுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் படுத்திருக்கும் அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று மகன் லோமி பேசுவான். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தன் உடம்பிலிருந்து தண்ணீரை எடுக்கிற மெஷினுக்கு அவர் 'பிமிக்காரன்' என்று பெயர் வைத்திருந்தார். "இன்னிக்குப் பிமிக்காரனுக்கு நல்ல தாகம்" என்பாராம். நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து செய்த மொத்த லோமியிலும் உருப்படியான சொல் அது ஒன்றுதான். ரோஹன் அதைச் சேர்க்க மாட்டேன் என்றான். ஓட்டெடுப்பு நடக்கவில்லையாம்.

அவர்கள் வீடு கோட்டைமேட்டில், இரண்டாவது மாடி. ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய படி. டயாலிசிஸ் முடிந்தால் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக் கால் துவண்டுவிடும். சஹீர் முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுவான். போன மாதம் பாதிப் படியில் இருவருமாக விழுந்தார்கள். அத்தாவுக்கு நெற்றியில் தையல். அன்றைக்கு அவர், "இனி நான் வரலை. உன்னையும் சேத்துக் கொல்றதுக்கா?" என்று சொல்லிவிட்டார். வராவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். சீக்கிரம் கீழ்த்தளத்தில் வீடு பிடிப்பதாக இருந்தால் மட்டும் வருகிறேன் என்று ரிஃபத்திடம், அதாவது சஹீர் மனைவியிடம், ஒத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் முனகிக்கொண்டே போய்வந்தார்.

சஹீர் வீடு தேடாத தெரு கிடையாது. பெயர் கேட்கிற வரைக்கும் வீடு காலியாக இருக்கும். பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரரின் பையன் வெளிநாட்டிலிருந்து வந்துவிடுவான். "பாக்கலாமுங்க." நானும் என் பங்குக்கு ஒரு புரோக்கர் நம்பரைக் கொடுத்தேன்.

இந்த நேரத்தில்தான் ரோஹன் வீட்டின் கீழ்ப்போர்ஷன் காலியானது. வாசலிலிருந்து பார்த்தால் எதிர்ச்சாரியில் அத்தா போகிற டயாலிசிஸ் சென்டர். சக்கர நாற்காலியை ஒரு தள்ளுத் தள்ளினால் போய்ச் சேர்ந்துவிடலாம். சஹீர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது ரோஹன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"இதைக் கேக்கோணுமாடா? அது உன்ற ஊடுடா. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுச் சாவி தர்றேன்."

அன்று இரவே சஹீர் அத்தாவிடம் சொல்லிவிட்டான். அவர் அந்த வார டயாலிசிஸுக்கு வாயைத் திறக்காமல் வந்தார். ரிஃபத் ஜன்னல் அளவு கேட்டு எனக்கே போன் செய்தாள். அத்தா திரைச்சீலையைத் தானே தைப்பேன் என்று தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறாராம்.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரோஹன் வீடும் எங்கள் வீடும் தெலுங்கு பேசுகிற நாயுடு குடும்பங்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்தவர்கள். இப்போது ஆந்திராவில் போய்ப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தெலுங்கை ஏதோ பூட்டின அறை என்று எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டுக் கடைக்குப் போவார்கள், நகைக் கடைக்குப் போவார்கள், கடைக்காரர் முகத்துக்கு முன்னாலேயே தெலுங்கில் அவரைப் பற்றி, அவர் சரக்கைப் பற்றி, எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்பதைப் பற்றி விலாவாரியாகப் பேசுவார்கள். இந்த ஊரில் கடை வைத்தவனுக்குத் தெலுங்கு புரியாதா? பிழைக்க வேண்டாமா அவன்?

என் அம்மா ராமாமணி அப்படித்தான் சஹீர் கடையில் உட்கார்ந்துகொண்டு, "இதைப் போட்டால் ஆந்தை மாதிரி இருக்கிறேன், இவனுக்கு ரசனையே கிடையாது" என்று என்னிடம் தெலுங்கில் சொன்னாள். சஹீர் அந்தப் பிரேமை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மெல்லிசாக வேறொன்றைக் கொண்டுவந்தான். வெளியே வந்து, "உனக்குத் தெலுங்கு தெரியுமாடா?" என்று கேட்டேன். "எல்லாம் தெரியும் பல்லு. யார்கிட்டயும் சொல்லிப்போடாதே. தெரிஞ்சா என் முன்னாடி பேச மாட்டாங்க, வியாபாரம் போயிரும்" என்று கண்ணைச் சிமிட்டினான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சஹீர் பேரீச்சம்பழ டப்பா ஒன்றோடு வந்தான். ரோஹனின் அம்மா அம்புஜம் பணியாரத் தட்டோடு மேலே வந்தார். அவருக்குச் சஹீரைப் பிடிக்கும், அது பொய் இல்லை. நோன்பு மாதம் வந்தால் கஞ்சி எங்கே என்று தூக்குப்போசியைக் கொடுத்து அனுப்புகிறவர். "வா கண்ணு. அத்தாவுக்கு எப்பிடி இருக்குது?" என்று கேட்டு அவன் தட்டில் நான்கு பணியாரம் வைத்தார்.

"பரவால்லைங்க ஆன்ட்டி. ஊடு மாறிட்டா இன்னும் தேறிக்குவாருங்க."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதே சிரிப்போடு, ரோஹன் பக்கம் திரும்பித் தெலுங்கில் பேசினார்.

"வத்துரா ரோஹன்."

வேண்டாம்டா என்று அர்த்தம். அதற்கு மேலும் சொன்னார். பையன் தங்கமானவன்தான், ஆனால் வந்து போகிறது வேறு, குடிவைக்கிறது வேறு. மேலே பூஜை அறை, கீழே அவர்கள் சமையல், நாளைக்குப் பெரியப்பா வீட்டார் வந்தால் என்ன சொல்வது? அதோடு அந்தப் பெரியவர் இங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டால், அப்புறம் அந்தப் போர்ஷனுக்கு நம் ஆள் யார் வருவார்? "உன் சிநேகிதன்தானே, மனசு நோகாமல் நீயே சொல்லிவிடு." இதெல்லாம் சொல்லிவிட்டுச் சஹீர் பக்கம் திரும்பி, "இன்னும் ரெண்டு வெச்சுக்கோ கண்ணு" என்றார்.

சஹீரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவன் அம்புஜத்தைப் பார்க்கவில்லை, ரோஹனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அந்த மாடியில் அவனுக்குத் தெலுங்கு தெரியும் என்று அறிந்தவள் நான் ஒருத்திதானே. நான் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ரோஹன் தொண்டையைக் கனைத்தான். அம்மாவாவது தன் பாஷையில் வேண்டாம் என்று நேராகச் சொன்னார். இவனுக்கு அந்தத் தைரியமும் இல்லை. தமிழில் சொன்னால் அது சொன்னதாகிவிடும். கைப்பேசியை எடுத்து எதையோ தேடினான். பிறகு மாரில் கை வைத்துக்கொண்டு, மேடையில் நிற்பவன் மாதிரி நிதானமாகச் சொன்னான்.

"கீபா தூமா. லாலு."

வீடு அப்புறம். சந்தோஷம். மெஷினை நம்பி உயிரோடிருக்கிற தகப்பனை வைத்திருப்பவனிடம், இருபது வருஷச் சிநேகிதன், தான் கண்டுபிடித்த குழந்தைப் பாஷையில் சொன்ன பதில் இது. பல் பிடுங்கும்போதுகூட நான் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, வலிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லுவேன். எனக்கு அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பவில்லை. வாய் நிறையப் பணியாரம் இருந்தது.

"லாலு" என்றாள் லாஸ்யா, கையைக் கூப்பிக்கொண்டு.

"தூமான்னா எப்போடா?" என்று சஹீர் கேட்டான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

ரோஹன் பெருந்தன்மையாகச் சிரித்தான். "லோமியில 'எப்போ'வுக்கு நாம இன்னும் வார்த்தை வெக்கலையேடா. அடுத்த வாரம் ஓட்டுப் போட்டுரலாம்."

சஹீர் தட்டைக் கீழே வைத்தான். பணியாரம் ஆறும் அப்படியே இருந்தன. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"செரிங்க" என்றான். "நான் வாரேனுங்க."

ரோஹன் கையை ஆட்டினான். சஹீர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான். "பாத்தியா மௌனி? ஒரு சண்டை உண்டா, சத்தம் உண்டா? தமிழ்ல பேசியிருந்தா இது எங்கயோ போயிருக்கும். ஒரு காலேஜ் செமினார்ல லோமியைப் பத்திப் பேசக் கூப்பிட்டிருக்காங்க, அங்க இதைத்தான் சொல்லப்போறேன்."

"அவன் உனக்கு ங்க போட்டுட்டுப் போறான்டா."

"மரியாதையாத்தானே போறான்? அதுக்கென்ன?"

"அவனுக்குத் தெலுங்கு தெரியும்."

அம்புஜம் கையிலிருந்த தட்டு சாய்ந்து இரண்டு பணியாரம் உருண்டன. ரோஹனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவனுக்கு வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கோபம்.

"அப்போ இத்தனை வருஷமா நாங்க பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்திருக்கானா? சொல்ல வேண்டாமா? இது என்ன மாதிரி சிநேகம்?"

"ஏமாத்திட்டான்" என்றாள் லாஸ்யா.

இதுகளோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று நான் எழுந்து கீழே ஓடினேன். காலிப் போர்ஷனின் ஜன்னல்கள் திறந்து கிடந்தன. கேட்டுக்கு வெளியே சஹீர் ஸ்கூட்டரில் உட்கார்ந்து எதிர்ச்சாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே டயாலிசிஸ் சென்டர் வாசலில் யாரோ ஒரு பெரியவரை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சஹீர், அந்த நாயி கெடக்கறான்டா" என்றேன். மூச்சு வாங்கியது. "மனுசனாடா அவன்? அவனும் அவன் மொழியும். நீ கவலைப்படாதே. எங்க ஊட்டுப் பின்னாடி ஒரு போர்ஷன் சும்மாதான் கெடக்குது. அம்மா பழைய பாத்திரமெல்லாம் போட்டுப் பூட்டி வெச்சிருக்கா. தரைத்தளம்தான், படியே இல்ல. நான் இன்னிக்கே அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் போர்ஷன் இத்தனை நாளாக அங்கேயேதான் இருந்தது என்பது எனக்கு உறைத்தது. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் நானும், ரோஹன் மாதிரியே, சொல்லியிருந்தேன்.

சஹீர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். வார் சரியாக மாட்டவில்லை, இரண்டு தடவை முயன்றான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். கடைக்கு வருகிற யாரைப் பார்த்தும் அவன் சிரிக்கிற சிரிப்புதான் அது.

"பாக்கலாமுங்க டாக்டர்" என்றான்.